பிக்கப்பில் ஷாக், ஸ்பிரிங் மாற்றுவது: வீட்டிலேயே செய்யும் முறை

காலியாக ஓடும்போது பிக்கப்பின் பின்பக்கம் துள்ளும். பாரம் ஏற்றினால் உட்கார்ந்துவிடும். இரண்டு நிலையையும் அதே ஸ்பிரிங்கும் அதே ஷாக்கும்தான் சமாளித்தாக வேண்டும். அதனால் எதை வாங்கி மாட்டுவது என்று முடிவு செய்வதிலேயே பாதி வேலை இருக்கிறது. மீதி ஸ்பேனர் வேலை. பொறுமையும் சில சரியான கருவிகளும் இருந்தால் அதை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

எது கெட்டிருக்கிறது?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும் ஆட்டத்தை அடக்குவது ஷாக். ஷாக்குக்குள் எண்ணெயும், அதில் மேலும் கீழும் போகிற பிஸ்டனும் இருக்கின்றன. பிஸ்டனின் சின்ன வழிகளில் எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தின் சக்தி சூடாக மாறுகிறது. குண்டும் குழியுமான பாதையில் ஓட்டிவந்த உடனே ஷாக் தொட முடியாத அளவுக்குச் சுடுவது இதனால்தான்.

இந்த வேறுபாடு தெரிந்தால் வீண் செலவு பாதி குறையும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்துபோகிறது என்றால் கோளாறு ஸ்பிரிங்கில். அதற்கு எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் மாட்டினாலும் வண்டி எழும்பாது. ஒரு மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடுகிறது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்குகிறது, வரிவரியான மண் பாதையில் பின் சக்கரம் பக்கவாட்டில் தத்திப் போகிறது என்றால் ஷாக்கைப் பார்க்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஷாக்கின் மேல் லேசாக எண்ணெய்ப் பூச்சு போலத் தூசி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து கீழ்ப்பகுதி முழுக்க ஈரமாக இருந்தால் அது முடிந்துவிட்டது. டயரின் மேல் கையை வைத்துச் சுற்றிலும் தடவுங்கள். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் தரையில் படியாமல் துள்ளி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த லீஃப் ஸ்பிரிங்கில் வளைவு போய்ப் பட்டையாகத் தட்டையாகிவிட்டதா, ஏதாவது பட்டையில் கீறல் இருக்கிறதா, முனைகளில் உள்ள ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பம்பரை அமுக்கிவிட்டு ஆட்டத்தை எண்ணும் சோதனையை மட்டும் நான் நம்புவதில்லை. பாதி தேய்ந்த ஷாக்கும் அதில் நன்றாகவே தேறிவிடும்.

எதை வாங்குவது?

வாரத்தில் பெரும்பாலும் எவ்வளவு பாரத்தோடு ஓட்டுகிறீர்கள் என்பதை மட்டும் நேர்மையாக யோசியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஏற்றும் அதிகபட்ச பாரத்தைக் கணக்கில் வைத்துக் கனமான ஸ்பிரிங் போட்டால், மற்ற நாளெல்லாம் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். காலியாகக் கிடக்கும் பின்பக்கம் துள்ளும்போது டயரின் பிடிமானமும் போகிறது. ஈரச் சாலையில் அது ஆபத்து.

ஷாக்கில் முக்கியமாக இரண்டு வகை. ட்வின் ட்யூப் ஷாக்கில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். சவாரி மென்மையாக இருக்கும், சாதாரணச் சாலைக்குப் போதும். மோனோ ட்யூபில் ஒரே தடித்த குழாய். எண்ணெயையும் அழுத்தப்பட்ட நைட்ரஜன் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கும். எண்ணெய் நுரைக்காது, சூடும் வெளியே சீக்கிரம் போகும். மண் பாதையில் நெடுநேரம் ஓட்டுபவர்களுக்கும் அடிக்கடி பாரம் இழுப்பவர்களுக்கும் இதுதான் சரி. ஆனால் வெளிக்குழாயில் கல் அடித்து நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஸ்பிரிங்கில், பின்பக்கம் கொஞ்சம்தான் தாழ்கிறது என்றால் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தாலே போதும். பட்டைகள் பழசாகிக் களைத்துப் போயிருந்தால் முழு செட்டையே மாற்றுவது நல்லது. பாரம் சில நாள் மட்டும்தான் என்றால் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடிக்கும் ஏர் பேக் உதவும். காலியாக ஓட்டும்போது காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். இவற்றில் எதைப் போட்டாலும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை வரம்பு உயர்ந்துவிடாது. அந்த வரம்பில் ஆக்ஸில், பிரேக், டயர், சேஸ் எல்லாமே அடக்கம்.

உயரத்தைக் கூட்டாமல் ஷாக்கை மட்டும் மாற்றினால் பழைய நீளமே போதும். உயர்த்தப் போகிறீர்கள் என்றால், முழுதாக நீண்ட நிலையிலும் முழுதாக அமுங்கிய நிலையிலும் எவ்வளவு நீளம் என்று பார்த்து வாங்குங்கள். ஷாக் உள்ளுக்குள் முட்டுவதற்கு முன்னால் ஆக்ஸில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்ட வேண்டும். இது பிசகினால் புது ஷாக் சில குழிகளிலேயே உடையும்.

தயாராவது

முதல் நாள் இரவே எல்லா நட்டு போல்ட்டையும் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். காலையில் வேலை எவ்வளவு சுலபமாகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். வேண்டிய கருவிகள்: வண்டியின் எடைக்கு ஏற்ற ஜாக்கி ஒன்று, ஆக்ஸில் ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு முட்டுக் கட்டைகள், சாக்கெட் செட், நீளக் கைப்பிடி, ரிங் ஸ்பேனர்கள், முறுக்கும் விசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச், கண்ணாடி, கையுறை. துரு கண்ணில் விழும், ஆகவே கண்ணாடி இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். நான்கு பக்கமும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் இந்த நான்கு எண்கள்தான் உங்களுக்குச் சாட்சி.

பின்பக்கத்தைத் தூக்கும்போது முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டாயம் முட்டுக் கொடுங்கள். பெரும்பாலான பிக்கப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் அது எதையும் பிடித்து வைக்காது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து, வண்டியை அதன் மேல் இறக்கி, ஒரு தடவை கையால் உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பின் ஷாக்: இங்கிருந்து தொடங்குங்கள்

முதல் தடவை செய்பவர்களுக்குப் பின் ஷாக்தான் ஏற்ற இடம். அங்கே எடை தாங்கும் ஸ்பிரிங் ஷாக்கோடு சேர்ந்திருப்பதில்லை, மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், அவ்வளவுதான். உயரமான வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றாமலேயே கை போகும். இடம் போதாவிட்டால் ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு அடியில் வையுங்கள். அப்போது ஆக்ஸில் கீழே தொங்காது, பிரேக் ஹோஸும் இழுபடாது.

ஒரு பக்கத்தை முடித்தபிறகே அடுத்த பக்கம். கழற்றிய பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ள மறுபக்கம் மாதிரியாக இருக்கும்.

கீழ் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், பிறகு மேல் போல்ட். பல வண்டிகளில் இடது ஷாக் ஆக்ஸிலுக்கு முன்னாலும் வலது ஷாக் பின்னாலும், அல்லது மாற்றியும் சாய்ந்திருக்கும். ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு துள்ளாமல் இருக்க வேண்டுமென்றே செய்த அமைப்பு அது. பழைய ஷாக் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதும் போக வேண்டும். கழற்றிய ஷாக்கை அறுக்கவோ துளை போடவோ சூடாக்கவோ கூடாது. உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கலாம்.

புதியது ட்வின் ட்யூப் என்றால், கடையில் படுக்கையாகக் கிடந்ததில் வாயு வேலை செய்யும் அறைக்குள் புகுந்திருக்கும். நேராக நிமிர்த்திப் பிடித்து, முழுதாக இழுத்து முழுதாக அமுக்குங்கள். நாலைந்து தடவை செய்தால் இடையில் வருகிற வெற்றுத் தளர்வு போய், ஒரே சீராக எதிர்ப்பது கையிலேயே தெரியும். வாயு ஷாக் ஒரு பட்டையால் கட்டி அமுக்கிய நிலையில் வரும். அந்தப் பட்டையை அவிழ்க்காமல் மேல் முனையை முதலில் மாட்டுங்கள். கீழ் முனையைத் துளைக்கு நேராக நிறுத்திவிட்டுப் பட்டையை வெட்டினால் ஷாக் மெல்ல நீண்டு இடத்தில் போய் உட்காரும். முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள்.

மேல் முனையில் போல்ட்டுக்குப் பதில் திருகு தண்டு இருந்தால், நட்டைத் திருகும்போது பிஸ்டன் தண்டும் சேர்ந்து சுற்றும். அதை நிறுத்தப் பளபளப்பான தண்டைக் குறடால் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ஒரே ஒரு கீறல் போதும், அது மேலும் கீழும் போகும்போது எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீலைக் கிழித்துவிடும். தண்டின் நுனியில் பிடிப்பதற்கென்றே தட்டையான இடமோ அறுகோணக் குழியோ இருக்கும். ரப்பர் லேசாகப் பிதுங்கி வாஷரின் விளிம்புக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் செத்துவிடும்.

புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் சொந்த எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். எவ்வளவு நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

பட்டை சேர்ப்பது

இதற்கு ஸ்டாண்டு சேஸுக்கு அடியில், ஜாக்கி ஆக்ஸிலுக்கு அடியில். பின் சக்கரத்தைக் கழற்றி, அந்தப் பக்க ஷாக்கின் கீழ் முனையை விடுவித்து, ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஆக்ஸில் ஸ்பிரிங்கிலிருந்து பிரியும். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று கண் வைத்துக்கொண்டே இறக்குங்கள்.

பட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பது நடுவில் உள்ள சென்டர் போல்ட். அதன் இரு பக்கமும் பலமான சி கிளாம்ப் போட்டு இறுக்கியபிறகே அதைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பட்டைகள் விசையோடு விரியும். கிளாம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்தி, புதுப் பட்டையை அதன் நீளத்துக்கு ஏற்ற வரிசையில் செருகுங்கள். மேலிருந்து கீழே நீளம் குறைந்துகொண்டே வர வேண்டும். பிறகு மறுபடியும் கிளாம்ப்பை இறுக்கி, புது சென்டர் போல்ட்டை மாட்டி, மிஞ்சிய திருகை அறுத்துவிடுங்கள்.

ஆக்ஸிலை உயர்த்தும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையில் உள்ள துளைக்குள் சரியாகப் போய் உட்கார்ந்ததா என்பதை விரலால் தொட்டே உறுதி செய்யுங்கள். அது ஆக்ஸிலின் இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். ஆக்ஸிலைப் பிடித்து வைப்பது யு போல்ட்டின் இறுக்கம்தான். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். அதனால் யு போல்ட் எப்போதும் புதிதாகவே இருக்க வேண்டும். ஒரு தடவை இறுக்கியபோதே பழையது நீண்டுவிட்டிருக்கும். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

முன்பக்கம்: இங்கே கூடுதல் கவனம்

இன்றைய பல பிக்கப்புகளில் முன்னால் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே அமைப்பாகச் சேர்ந்திருக்கும். அதன் உச்சியில் சுற்றிலும் மூன்று நட்டு, நடுவில் ஒன்று. அந்த மூன்றும் அமைப்பைச் சேஸில் பிடிப்பவை. நடுவில் உள்ளதுதான் ஸ்பிரிங்கை அமுக்கிய நிலையில் வைத்திருக்கிறது. அதைத் தளர்த்தினால் ஸ்பிரிங் குண்டு போல வெடித்து வெளியே வரும், உயிரே போகலாம். ஸ்பிரிங்கோடு முழுதாகப் பூட்டி விற்கும் அமைப்பை வாங்கி மாட்டுங்கள், அல்லது பிரித்துப் பூட்டுவதை மட்டும் பட்டறையில் கொடுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் கையில் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸரோடு இதில் இறங்குவதை நான் ஒருபோதும் ஊக்குவிக்க மாட்டேன். காயிலுக்குப் பதில் முறுக்கும் தண்டே ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பார் வண்டியும் அப்படியே. ஷாக்கை மட்டும் மாற்றலாம், பாரைத் தொட வேண்டாம்.

சேஸில் ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்தைக் கழற்றியபின், வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பை இரு பக்கமும் கழற்றுங்கள். கழற்றாவிட்டால், சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் கீழ் ஆர்ம் முழுதாக இறங்காது. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் அவற்றின் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். கீழ் ஆர்முக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்துக் கீழ் போல்ட், பிறகு மேலே உள்ள மூன்று நட்டு. வெளியே வர இடம் போதாவிட்டால் மேல் பால் ஜாயின்ட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும். அப்போது சக்கரம் பூட்டும் பாகமான நெக்கிள் வெளிப்பக்கம் சாயாமல் கயிற்றால் கட்டி வையுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியில் அது சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கழன்றுவிடும். மாட்டுவது இதற்கு நேர் எதிர் வரிசை.

இறக்கியபின்

வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி ஸ்பிரிங் படிந்ததும், எழுதி வைத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். முன் அமைப்பைப் பிரித்திருந்தாலும் உயரம் மாறியிருந்தாலும் வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். பின்பக்கம் உயர்ந்திருந்தால் ஹெட்லைட் ஒளி தாழ்ந்துவிடும், அதையும் சரிசெய்யுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: சில பிக்கப்புகளில் சேஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஒரு மெல்லிய தண்டு போகும். பாரத்துக்கு ஏற்ப பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் தண்டு அது. பின்பக்கத்தை உயர்த்தினால் வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும், பாரம் ஏற்றியிருந்தாலும் பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். சர்வீஸ் புத்தகப்படி அதைத் திருத்தி அமைக்க வேண்டும்.

முதல் ஓட்டம் மெதுவாக, காலியான சாலையில் இருக்கட்டும். சக்கர நட்டுகளையும் யு போல்ட்டையும் 100 கிலோ மீட்டர் ஓடியதும் ஒரு தடவை, 500 கிலோ மீட்டரில் இன்னொரு தடவை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். குழியில் இறங்கும்போது ‘டக்’ என்று ஒற்றைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஷாக் போல்ட் சரியாக இறுகவில்லை. மெதுவாகத் திரும்பும்போது கிரீச்சென்றால் புஷ்ஷைப் பாருங்கள். இவற்றில் எது கேட்டாலும் அன்றைக்கே வண்டியைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள், அடுத்த பாரம் ஏற்றும் வரை தள்ளிப்போட வேண்டாம்.