மலையில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு: ஐ.டி. கார்டு வாங்குவதும் காப்பதும்

ஊட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகம் எடுக்க வரும் பிள்ளைகளின் கார்டுகளெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். பெயர் தப்பிப்போன கார்டு, போட்டோ வெளிறிய கார்டு, தண்ணீர் இறங்கி எழுத்து ஊறிய கார்டு எல்லாம் பார்க்கிறேன். கூடலூரிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் இதற்காக ஒரு நாள் வகுப்பை விடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அரசுக் கலைக் கல்லூரி போல கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் கார்டைக் கல்லூரியே தரும். ஹால் டிக்கெட்டும் மதிப்பெண் பட்டியலும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். கார்டில் ஒரு பெயர், ஹால் டிக்கெட்டில் ஒரு பெயர் என்று ஆனால் தேர்வு அறை வாசலில் நிற்க வேண்டி வரும். அதைச் சரிசெய்யக் கோவைக்கு இறங்க நேர்ந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

ஆகவே விண்ணப்பம் நிரப்பும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு எழுத்தும் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். போஜன், பெள்ளி, மாதன் போன்ற நம் மலைப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதிவிடுகிறார்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. பெயர் வேறுபாடு இருந்தால் முதல் பருவத்திலேயே ஆதாரைத் திருத்தும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்க்க ஒரு பட்டியலை வகுப்பில் சுற்றுக்கு விட்டால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் வரியை விரல் வைத்துப் படியுங்கள். பக்கத்துப் பிள்ளை பார்த்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

போட்டோ வெள்ளைப் பின்னணியில் இருக்கட்டும். ஸ்வெட்டர் இருந்தால் பரவாயில்லை. குல்லாவையும் மஃப்ளரையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் ஸ்டுடியோவுக்குள் போனதும் ஐந்து நிமிஷம் பொறுங்கள். குளிரிலிருந்து உள்ளே வந்தவுடன் ஆவி படிந்திருக்கும்.

அவசரத் தொடர்பு எண் என்ற கட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அம்மா எண்ணை எழுதுகிறார்கள். அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போய்விட்டால், எஸ்டேட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவோ, சித்தப்பாவோ, பகலில் போன் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே எண்ணுக்குத்தான் இடம் என்றால் அந்த எண்ணையே கொடுங்கள். ரத்த வகையை யூகத்தில் எழுத வேண்டாம், பரிசோதித்து எழுதுங்கள். மலைப்பாதையில் தினமும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்கு இவை இரண்டும் முக்கியம்.

கார்டு கைக்கு வந்ததும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள். பெயர், முகம், போன் எண், வீட்டு விலாசம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது, பொம்பளைப் பிள்ளைகள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

இனி மழை. கல்லூரி திறக்கும் சமயத்தில்தான் ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். அது ஓய்ந்தால் குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு மழை. காகிதத்தில் அச்சடித்து லேமினேட் செய்த கார்டுகள்தான் இதில் அதிகம் கெடுகின்றன. லேமினேட் செய்யும் இடத்தில் நின்று, காகிதத்தின் ஓரத்தோடு ஒட்டி வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சுற்றிலும் 3 மில்லிமீட்டராவது பிளாஸ்டிக் விளிம்பு இருந்தால்தான் இரண்டு தாளும் ஒன்றோடொன்று பிடித்திருக்கும். இல்லாவிட்டால் ஓரம் பிரிந்து, பனி ஈரம் உள்ளே போய், பூஞ்சணம் கட்டிவிடும். டேக் மாட்ட ஓட்டை போடுவதும் அந்த வெளி விளிம்பில்தான். அதில் இடம் போதாவிட்டால் ஓட்டை போடாமல் உறையில் வையுங்கள்.

பி.வி.சி. கார்டு தண்ணீருக்குத் தாங்கும், சூட்டுக்குத் தாங்காது. நனைந்த துணிகளோடு சேர்த்துக் கணப்புப் பக்கத்தில் காயப் போட்டால் வளைந்துவிடும். துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். சானிடைசர் தடவித் துடைப்பதும் வேண்டாம், அச்சு மங்கும். தட்டினால் கதவு திறக்கும் கார்டாக இருந்தால் ஓட்டையே போடாதீர்கள். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் ஓரத்தை ஒட்டி ஓடுகிறது, அது அறுந்தால் கார்டு வேலை செய்யாது.

என் மேசையில் அதிகம் தகராறு செய்வது பார்கோடு. கோடுகளுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் வெள்ளை இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ஸ்கேனர் அந்த வெள்ளையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது, அதனால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். கெட்டியான உறை ஒன்று வாங்கினால் மூன்று வருஷமும் வரும். மெல்லிய கவர்களுக்கு இந்த மாவட்டத்தில் தடை இருப்பதும் தெரிந்ததுதானே.

ரயிலுக்கும் இந்தக் கார்டு உதவும். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போகும்போது, அங்கீகாரம் பெற்ற கல்லூரி தந்த போட்டோவுள்ள மாணவர் அட்டையை அடையாளச் சான்றாகக் காட்டலாம். கட்டணச் சலுகைக்கு மட்டும் இது போதாது. அதற்கு முதல்வர் கையெழுத்திட்ட சலுகைப் படிவம் தனியாக வாங்க வேண்டும்.

தொலைந்துவிட்டால் முதலில் வந்த வழியைத் தேடுங்கள். பஸ்ஸில் விட்டிருந்தால் டிக்கெட்டைப் பார்த்து, டெப்போவில் பஸ் எண்ணும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். கண்டக்டர்கள் பெரும்பாலும் எடுத்து வைத்திருப்பார்கள். அன்றைக்கே நூலகத்திலும் சொல்லிவிடுங்கள், உங்கள் பெயரில் வேறு யாரும் புத்தகம் எடுக்காமல் நிறுத்தி வைப்போம். கிடைக்கவில்லை என்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதிந்து அச்செடுத்து, விண்ணப்பம், போட்டோ, பணம் கட்டிய ரசீதோடு துறைத் தலைவர் கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுங்கள். தேர்வு நெருங்கியிருந்தால், புதுக் கார்டு வரும்வரை செல்லும்படியாக முத்திரை வைத்த ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால்தான் தருவார்கள், தயங்காதீர்கள்.

கடைசிப் பருவத்தில், பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் படிவத்தோடு வரும்போது பல கல்லூரிகளில் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழ் வாங்க வரும்போது பதிவு எண்ணைக் கேட்பார்கள்.