பழைய காக்டெயில் புக்ல இருக்குற ரெசிபிய இன்னிக்கு செய்றது எப்படி

மொத தடவ ஒரு பழைய ரெசிபிய அப்படியே செஞ்சு பாத்து நான் வாங்கிக் கட்டிக்கிட்டது ஒரு வைன் கிளாஸ்லதான். 1862ல அமெரிக்காவுல ஜெர்ரி தாமஸ் போட்ட பார்டெண்டர் கைடு, அதுல ஒரு வைன் கிளாஸ் பிராந்தின்னு இருந்துச்சு, நானும் அலமாரில இருந்த வைன் கிளாஸ எடுத்து முக்காவாசி ஊத்திட்டேன், ரெண்டு வாய்க்கு மேல யாராலயும் குடிக்க முடியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த காலத்து புக்ல வைன் கிளாஸ்ங்கிறது கிளாஸ் இல்ல, ஒரு அளவு. ரெண்டு அவுன்ஸ், அதாவது 60 மில்லி, நம்மூர் பாஷைல ஒரு லார்ஜ். போனின்னு வந்தா 30 மில்லி, அது ஸ்மால். ஜிகர்னு இருந்தா கொஞ்சம் உஷாரா இருங்க, புக்குக்கு புக் 45க்கும் 60க்கும் நடுவுல மாறும். கில் இன்னும் மோசம், அமெரிக்க புக்னா 118 மில்லி, இங்கிலாந்து புக்னா 142, அதனால எந்த ஊர்ல அச்சடிச்சதுன்னு மொத பக்கத்த பாத்துட்டு அளக்க ஆரம்பிங்க.

புக் எங்க கிடைக்கும்னா, ஒரிஜினல தேடி காச கொட்ட வேண்டாம், இன்டர்நெட் ஆர்க்கைவ்ல நிறைய ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, ஈயுவிஎஸ்னு பழைய மது புத்தகங்களுக்குன்னே ஒரு டிஜிட்டல் லைப்ரரி இருக்கு, ரெண்டும் ஃப்ரீ. ஒண்ணே ஒண்ணு, ஸ்கேன்ல இருந்து கம்ப்யூட்டர் எடுத்துக் குடுக்குற எழுத்த நம்பாதீங்க, பக்கத்தோட படத்த பாருங்க. அரை, முக்கால்னு பின்னத்துல போட்டிருக்குறத எல்லாம் அது கன்னாபின்னான்னு படிச்சு வைக்கும். பழைய புக் கடைல நிஜ புக் கைக்கு வந்துச்சுன்னா ஓரத்துல பென்சில்ல யாராச்சும் ஏதாச்சும் கிறுக்கி இருக்காங்களான்னு பாருங்க, அவங்க செஞ்சு பாத்து திருத்துனது அச்சுல இருக்குறத விட உருப்படியா இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், ஒரே ஒரு புக்க வச்சு முடிவு பண்ணக்கூடாது. அந்த காலத்துல ஒருத்தர பாத்து ஒருத்தர் காப்பி அடிக்கிறது சர்வ சாதாரணம், அடிக்கும்போது ஏதாச்சும் விட்டுப் போகும். ஏவியேஷன்னு ஒரு காக்டெயில், அதோட கதைய கேளுங்க. நியூயார்க்ல ஹோட்டல் வாலிக்ல பார்டெண்டரா இருந்த ஹியூகோ என்ஸ்லின் 1916ல போட்ட சின்ன புக்ல அது இருக்கு, ரெண்டு பங்கு ஜின், ஒரு பங்கு லெமன் சாறு, ரெண்டு டேஷ் (சில சொட்டு) மராஸ்கினோங்கிற செர்ரி லிக்கர், ரெண்டு டேஷ் க்ரெம் டி வயலெட், அதான் அந்த ஊதா பூ லிக்கர். 1930ல லண்டன்ல ஹாரி கிராடாக் போட்ட சவோய் புக்ல அதே ஏவியேஷன் இருக்கு, ஆனா வயலெட்ட காணோம். எல்லாரும் கைல வச்சிருந்தது சவோய் புக்குதான், அதனால ரொம்ப வருஷம் நிறம் இல்லாத ஏவியேஷனத்தான் குடிச்சிருக்காங்க. ஒரு ரெசிபிக்கு பழசுல மூணு புக்காவது தேடிப் பிடிங்க, வருஷ வரிசைல வச்சு படிங்க, எது எந்த வருஷம் காணாம போச்சுன்னு தானா கண்ணுல படும்.

மேல சொன்ன மாதிரின்னு எழுதி தப்பிச்சுக்கிறவங்களும் உண்டு. 1884ல ஓ.எச். பைரன் போட்ட புக்ல மார்ட்டினெஸ்ங்கிற டிரிங்குக்கு மன்ஹாட்டன் மாதிரியேதான், விஸ்கிக்கு பதிலா ஜின்னுன்னு ஒரே வரி. அதே புக்ல மன்ஹாட்டன் ரெண்டு விதம் இருக்கு, எந்த மன்ஹாட்டன்யா? ரெண்டையும் செஞ்சு பாக்க வேண்டியதுதான், வேற வழி இல்ல.

பாட்டில் பேரும் மாறிப்போச்சு. வெர்மூத்ங்கிறது மூலிகை போட்ட வைன், பிரெஞ்சு வெர்மூத்னா டிரை, இத்தாலியன் வெர்மூத்னா ஸ்வீட், இது சுலபம். 1800கள்ல வந்த புக்ல வெறும் ஜின்னுன்னு இருந்தா நம்ம லண்டன் டிரை ஜின்ன கண்ண மூடிட்டு ஊத்தாதீங்க, ஹாலந்து ஜின்னோ லேசா இனிப்பு இருக்குற ஓல்ட் டாமோவாத்தான் பெரும்பாலும் இருக்கும். கினா லில்லேன்னு கசப்பான வைன் ஒண்ணு வரும், இப்ப இருக்குற லில்லே பிளாங்க்ல அந்த கசப்பு இல்ல, கோக்கி அமெரிகானோ ஊத்துனா கிட்ட வரும். அர்ராக்னு பாத்ததும் நம்ம சாராயம்னு குஷி ஆயிடாதீங்க, அந்த பஞ்ச் ரெசிபிகள்ல பெரும்பாலும் வர்றது ஜாவால இருந்து வந்த படேவியா அர்ராக், கரும்பு வெல்லப்பாகையும் அரிசியையும் புளிக்க வச்சு எடுக்குறது. இலங்கைல தென்னங்கள்ளுல காய்ச்சுறது வாசனையே வேற, ஆனா அத ஊத்தியும் நல்லாத்தான் இருந்துச்சு, அது என் நாக்கு.

எலுமிச்சைல நம்மாளுங்க எல்லாரும் தப்பு பண்ணுவோம். அந்த புக்ல லெமன்னா பெரிய மஞ்ச பழம், நம்ம எலுமிச்சை லைம் ஜாதி, சின்னது, புளிப்பும் வாசனையும் வேற. கியூபா பக்கம் வந்த ரெசிபின்னா நமக்கு அதிர்ஷ்டம், அங்க லிமோன்னு சொல்றது லைமத்தான், இங்கிலீஷ்ல மாத்துனவங்கதான் லெமன்னு போட்டுட்டாங்க, டைகிரிங்கிற ரம் காக்டெயிலுக்கு நம்ம எலுமிச்சையே கனகச்சிதம். ஏவியேஷனுக்கு மஞ்ச பழம் வாங்கியே ஆகணும்.

சர்க்கரைய பத்தி ரெண்டு வார்த்தை. பவுடர் சுகர்னு இருந்தா இப்ப கடைல விக்கிற ஐசிங் சுகர் வேண்டாம், அதுல சோள மாவு கலந்திருக்கும், டிரிங்க் கலங்கிடும். சாதா சர்க்கரைய மிக்சில ஒரு சுத்து விட்டா போதும். கம் சிரப்னா சர்க்கரைப் பாகுல கம் அரபிக் பிசின் கரைச்சது, நம்ம வீட்ல ஜிகர்தண்டாவுக்கு ஊற வைக்கிற பாதாம் பிசின் இல்ல, அது கரையாது, ஜெல்லி மாதிரி உப்பி நிக்கும்.

எல்லாம் கண்டுபிடிச்சாச்சுன்னா மொத தடவ புக்ல உள்ளபடியே, ஆனா பாதி அளவுல செய்ங்க, வீணாப்போனாலும் மனசு வலிக்காது. அப்புறம் ஒரு நேரத்துல ஒரே ஒரு சாமான மட்டும் மாத்துங்க. ஏவியேஷன புக்ல உள்ளபடி செஞ்சா பல்லு கூசும், டேஷ்ங்கிறது சில சொட்டுதானே, அத்தன புளிப்ப அது எப்படி அடக்கும். நான் கடைசில வந்து நின்னது ஜின் 60 மில்லி, லெமன் 20, மராஸ்கினோ 10, வயலெட் ஒரு டீஸ்பூன், ஐஸ் போட்டு நல்லா குலுக்கி வடிகட்டணும். வயலெட்ட ரெண்டு டீஸ்பூன் ஊத்துனேன் ஒரு தடவ, சோப்பு தண்ணி மாதிரி ஆயிடுச்சு. எந்த புக், எந்த வருஷம், எத்தனாம் பக்கம், எத மாத்துனோம், இத ஒரு நோட்ல அன்னிக்கே எழுதிடுங்க, மறுநாள் எழுதிக்கலாம்னு விட்டா அந்த ராத்திரி செஞ்சதுல எது நல்லா இருந்துச்சுன்னு சத்தியமா ஞாபகம் இருக்காது.