உருக்காலைக்கு அரசு ஆய்வு நிதி: விண்ணப்பத்தை உலையடியில் தொடங்குங்கள்

கரியமில வாயுவைக் குறைத்து எஃகு செய்யும் ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது. "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்" என்று கும்மிடிப்பூண்டியிலும் கோவையிலும் கம்பி மில் நடத்துகிறவர்கள் சொல்லும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இந்தியாவில் உருகும் எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இண்டக்‌ஷன் ஃபர்னஸ்களில்தான், அதாவது மின்காந்தத் தூண்டலால் உருக்கும் உலைகளில்தான், உருகுகிறது. அந்த உலைகளின் பிரச்சினையை அந்த உலைக்காரர்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

நான் உலோகவியல் படித்தவன். ஒரு எஃகு ஆலையின் ஆய்வுப் பிரிவில் பணிக்காலத்தைக் கழித்துவிட்டு, இப்போது உருக்காலைகளையும் பொறியியல் கல்லூரிகளையும் சேர்த்துவைத்து முன்மொழிவு எழுத உதவுகிறேன். யாராவது வந்து "எந்தத் திட்டத்துக்கு சார் அப்ளை பண்றது?" என்று கேட்டால், "உங்கள் ஹீட் ரிஜிஸ்டரைக் கொண்டு வாருங்கள்" என்பதுதான் என் முதல் பதில். உலையை ஒருமுறை நிரப்பி, உருக்கி, ஊற்றி முடிப்பது ஒரு ஹீட். திட்டத்தின் பெயர் பிறகு வரட்டும்.

முதல் வேலை, இன்றைய நிலையை அளப்பது. 2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு ஒரு வரையறை வெளியிட்டது. ஒரு டன் முடிவுற்ற எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவான கரியமில வாயு வெளியேறினால்தான் பசுமை எஃகு. 2.0 முதல் 2.2 வரை மூன்று நட்சத்திரம், 1.6 முதல் 2.0 வரை நான்கு, 1.6-க்குக் கீழே ஐந்து. நாட்டின் சராசரி டன்னுக்கு 2.5 டன் அளவில் நிற்கிறது, உலக சராசரி 1.9 அளவில். உங்கள் ஆலை இதில் எங்கே நிற்கிறது என்பது தெரியாமல் "உமிழ்வை 30 சதவீதம் குறைப்போம்" என்று எழுதினால், மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மாத ஹீட்டுகள் போதும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் உலைக்குள் போன பழைய இரும்பு எத்தனை கிலோ, ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே அதன் ஆக்ஸிஜனை நீக்கி, அதாவது ஒடுக்கி, எடுத்த இரும்பு) எத்தனை கிலோ, கார்பன் ஏற்றப் போட்ட கோக் எவ்வளவு, மீட்டரில் ஓடிய யூனிட், வெளியே வந்த பில்லெட்டின் (கம்பியாக உருட்டப்போகும் எஃகுக் கட்டையின்) எடை, அள்ளிப் போட்ட கசடு. கசடை யாரும் நிறுப்பதில்லை, நிறுங்கள். ஸ்பாஞ்சில் வரும் மண்ணும் முழுதாக ஒடுங்காத இரும்பு ஆக்சைடும்தான் கசடாகவும் கூடுதல் யூனிட்டாகவும் வெளிப்படுகின்றன. எந்த லோடு ஸ்பாஞ்ச் உங்கள் மின்கட்டணத்தை ஏற்றுகிறது என்பதைக் கசடின் எடை சொல்லிவிடும்.

கணக்கு எப்படி விரியும் என்று பாருங்கள். டன்னுக்கு 650 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆக மின்சாரத்தால் வருவது சுமார் 455 கிலோ. உலைக்குள் பழைய இரும்பு மட்டுமே போனால் ரோலிங் மில்லின் எரிபொருளைச் சேர்த்தாலும் ஐந்து நட்சத்திரத்துக்குள் வந்துவிடலாம். எண்ணைத் தூக்கிவிடுவது ஸ்பாஞ்ச். நிலக்கரிச் சூளையில் ஒரு டன் ஸ்பாஞ்ச் செய்ய ஒரு டன்னுக்கு மேல் நிலக்கரி போகிறது. அந்தச் சூளை உங்களுடையதாக இல்லாவிட்டாலும் அதன் புகையில் ஒரு பங்கு உங்கள் கம்பியின் கணக்கில் ஏறும். இந்த ஒரு பக்கக் கணக்கைப் போட்டு முடித்ததும் பல முதலாளிகள் தாங்கள் கேட்க வந்த திட்டத்தையே மாற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சோலார் பேனல் பற்றிக் கேட்க வந்தவர் ஸ்பாஞ்சின் தரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார். ஆராய்ச்சிக் கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றை இப்போதே பிரித்துப் பார்த்துவிடுங்கள். சூடான பில்லெட்டை ஆறவிடாமல் நேரே ரோலிங்குக்கு அனுப்புவது, ரீஹீட்டிங் ஃபர்னஸின் புகைபோக்கியில் புகையின் வெப்பத்தை மீட்கும் ரெக்யூப்பரேட்டர் வைப்பது எல்லாம் நல்ல வேலைகள், உடனே செய்ய வேண்டியவை. ஆனால் விடை தெரிந்த வேலைகள். ஆராய்ச்சி நிதிக்கு இவற்றை எழுதினால், "இது நடைமுறைப்படுத்தல்தானே" என்ற ஒரே வரியில் கோப்பு திரும்பி வரும். இவற்றுக்கு எரிசக்தித் திறன் பணியகத்தின் வட்டி மானியத் திட்டத்தைப் பாருங்கள். விடை தெரியாத கேள்விக்குத்தான் ஆய்வு நிதி.

விடை தெரியாத கேள்விக்கு நம் ஊரிலிருந்தே ஒரு உதாரணம் தருகிறேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். உருகிய எஃகில் கார்பன் ஏற்ற நாம் போடும் பெட்ரோலியக் கோக்குக்குப் பதிலாக இந்தக் கரியைப் போட முடியுமா? கேட்க எளிது, உலையடியில் சிக்கல். கரி லேசானது. கசடின் மேல் மிதந்து, எஃகில் கரையாமலே எரிந்து போகும். அதன் சாம்பலில் உள்ள பொட்டாசியம் போன்ற காரங்கள் ரேமிங் மாஸை, அதாவது உலையின் உள்பூச்சான லைனிங்கை, அரிக்கலாம். அதோடு, மண் மூட்டத்திலிருந்து மீத்தேனும் புகையும் வெளியேறுகின்றன. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் "தாவரக் கரி, ஆகவே உமிழ்வு பூஜ்யம்" என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. ஆகவே கேள்வியை இப்படி எழுதச் சொல்வேன்: "கருவேலங்கரியை இன்ன அடர்த்திக்குக் கட்டியாக அழுத்தி, சார்ஜின் (உலையில் ஏற்றும் இரும்பின்) அடியில் வைத்தால், கார்பனில் எத்தனை சதவீதம் எஃகில் ஏறுகிறது? லைனிங் ஆயுள் எத்தனை ஹீட் குறைகிறது? மூட்டப் புகையையும் சேர்த்தால் நிகர லாபம் உண்டா?" இல்லை என்றே விடை வந்தாலும் அது பயனுள்ள விடை. பொதுப்பணம் அதற்குத்தான். தனியார் முதலீட்டாளர் தோல்விக்குப் பணம் தர மாட்டார், அரசு தரலாம், தர வேண்டும்.

பசுமை ஹைட்ரஜனைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. எழுதும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். ஹைட்ரஜனை மட்டும் வைத்து ஒரு டன் இரும்பை ஆக்சைடிலிருந்து பிரிக்க, வேதிச் சமன்பாட்டின்படி 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் என்றால் ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 2,800 யூனிட். அதைக் கட்டமைப்பு மின்சாரத்தில் எடுத்தால் கிட்டத்தட்ட 2 டன் கரியமில வாயு. நிலக்கரியை விட்டதில் அர்த்தமே இருக்காது. ஹைட்ரஜன் வினை வெப்பத்தை உறிஞ்சும் என்பதால் வாயுவைச் சூடாக்கவும் தனியே சக்தி வேண்டும். மின்சாரம் எங்கிருந்து என்ற பத்தி இல்லாத ஹைட்ரஜன் முன்மொழிவை நான் மேலே படிப்பதில்லை.

இனி, எந்தக் கதவைத் தட்டுவது.

2023 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு ரூ. 19,744 கோடி. அதில் எஃகுத் துறையின் சோதனைத் திட்டங்களுக்கு 2029-30 வரை ரூ. 455 கோடி. 2024 அக்டோபரில் மூன்று திட்டங்கள் தேர்வாயின. ஒன்று, பொதுத்துறை எஃகு நிறுவனமான செயிலின் ராஞ்சிப் பிரிவுக்குக் கிடைத்தது, ஊதுலையில் ஹைட்ரஜன் செலுத்துவது. மற்ற இரண்டும் முழு ஹைட்ரஜனில் நாளுக்கு 50 டன், 40 டன் ஸ்பாஞ்ச் எடுக்கும் கூட்டுத் திட்டங்கள். ஒன்றில் புவனேஸ்வர் ஐஐடி, இன்னொன்றில் பிலாய் ஐஐடி. இரண்டிலும் கல்வி நிறுவனம் தனியாக இல்லை, கம்பெனியும் தனியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். இது ஆலையளவுச் சோதனைக்கான பணம், ஆய்வகத்தில் தொடங்குபவர்களுக்கானதல்ல. அதே இயக்கத்தில் ஆராய்ச்சிக்கென்று தனியே ரூ. 400 கோடி உண்டு.

எஃகு அமைச்சகத்துக்கென்று ஓர் ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது. சிறு ஆலைகளின் பிரச்சினைக்கு அதுதான் நேர்வழி. உலையளவில் செய்து பார்க்கும் வேலையை அங்கே புரிந்துகொள்வார்கள். அடிப்படை அறிவியல் கேள்வி என்றால் ஏஎன்ஆர்எஃப், அதாவது 2023 சட்டத்தின்படி அமைந்து செர்ப் என்ற பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. அங்கே ஆசிரியர்தான் முதன்மை ஆய்வாளர், நீங்கள் கூட்டாளி. மாணவர் புராஜெக்ட் அளவுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் சிறு தொகை போதும். அதை அற்பமாக நினைக்காதீர்கள். அந்தக் காசில் எடுத்த முதல் தரவு, பெரிய விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் நிற்கும். 2025-ல் ஒப்புதலான ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க (ஆர்டிஐ) நிதியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் அடிப்படை நீண்டகாலக் குறைவட்டிக் கடன், மானியம் இல்லை.

வெளிநாட்டில் பொதுப்பணம் என்ன செய்தது என்று தெரிந்துகொள்வது விண்ணப்பத்துக்கு வலு. சுவீடனில் எஸ்எஸ்ஏபி, எல்கேஏபி, வாட்டன்ஃபால் மூன்றும் 2016-ல் ஹைப்ரிட் (HYBRIT) என்ற ஹைட்ரஜன் எஃகுத் திட்டத்தைத் தொடங்கின. நாட்டின் எரிசக்தி முகமை பெருந்தொகை கொடுத்தது, லூலியோவில் சோதனை ஆலை எழுந்தது, 2021-ல் ஹைட்ரஜனில் ஒடுக்கிய இரும்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலக்கரி-எஃகு ஆராய்ச்சி நிதியோ இன்னும் பழைய கதை. 1951 பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நிலக்கரி, எஃகு உற்பத்தியாளர்களிடம் வசூலித்த தீர்வையில் மிஞ்சியது, 2002-ல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் எஃகு ஆராய்ச்சிக்கே திரும்பப் போகிறது. நம்மூரிலும் 1978-லிருந்து எஃகு விலையோடு சேர்த்து வசூலித்து எஃகு வளர்ச்சி நிதி என்று ஒன்று உருவானது, அதிலிருந்து ஆராய்ச்சிக்கும் பணம் போயிருக்கிறது. இது தொழிலின் பணம், தொழிலுக்குத் திரும்ப வேண்டியது. கூச்சமில்லாமல் கேளுங்கள்.

கூட்டாளியைத் தேடும்போது பெயரைப் பார்க்காமல் கருவியைப் பாருங்கள். உலோகவியல் துறை உள்ள இடங்கள் தமிழ்நாட்டில் பல: ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, கோவை பிஎஸ்ஜி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி. தரமணியில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம் இருக்கிறது. மின்னாற்பகுப்பு பற்றிய கேள்வி என்றால் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரியை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். பேராசிரியரை ஒரு ஹீட் முழுக்க உங்கள் உலை மேடையில் நிற்க அழையுங்கள். 1,600 டிகிரியில் சாம்பிள் ஸ்பூன் எவ்வளவு நேரம் தாங்கும், எஃகை வெளியே ஊற்றும் டேப்பிங்குக்கு முன் எத்தனை நிமிட அவகாசம் கிடைக்கும் என்று கண்ணால் பார்த்தவர் எழுதும் செயல்முறைக்கும், பார்க்காதவர் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் பக்கத்திலேயே தெரியும்.

பட்ஜெட்டில் ஆட்களின் சம்பளத்தைக் குறைத்துப் போட்டுக் கருவியை ஏற்றிவிடுவது வழக்கம். வேண்டாம். 2023-ல் உயர்ந்த விகிதத்தில் இளநிலை ஆய்வாளருக்கு (ஜேஆர்எஃப்) மாதம் ரூ. 37,000, முதுநிலை ஆய்வாளருக்கு (எஸ்ஆர்எஃப்) ரூ. 42,000. முதல் இரண்டு ஆண்டு ஜேஆர்எஃப், மூன்றாம் ஆண்டு எஸ்ஆர்எஃப் என்றால் ஒருவருக்கு மூன்று ஆண்டில் ரூ. 13.92 லட்சம், வீட்டுவாடகைப் படி தனி. ராத்திரி ஷிஃப்டில் சாம்பிள் எடுக்கப்போவது அந்தப் பிள்ளைகள்தான். சாம்பிள் பகுப்பாய்வுச் செலவு, சோதனையில் வீணாகும் ஹீட்டின் மதிப்பு, புதிய லைனிங் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். ஆலையின் பங்கை மின்சாரமாகவும் இரும்பாகவும் தருவதாக இருந்தால், அதை ரூபாயில் மதிப்பிட்டு, அப்படிக் கணக்கிட விதி இடம் கொடுக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆலையின் பெயரிலேயே மானியம் கேட்பதாக இருந்தால் மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சித் துறையின் (டிஎஸ்ஐஆர்) அங்கீகாரம் உள்ளதா என்று பல இடங்களில் கேட்பார்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. இப்போதே தொடங்கினால்தான் அடுத்த அழைப்புக்குக் கையில் இருக்கும். காப்புரிமை யாருக்கு, முடிவை யார் வெளியிடலாம் என்பதைக் கல்லூரியோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதுங்கள். தரவைப் பூட்டி வைக்க விரும்பும் முதலாளி பொதுப்பணத்தைக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஸ்பாஞ்ச் சப்ளையரின் பெயரை மறைக்கலாம், ஹீட் எண்களை மறைக்கக் கூடாது.

அனுப்பும் முன் செயல்முறைப் பகுதியைத் தமிழில் சொல்லி உலையை ஓட்டும் உங்கள் மெல்ட்டரிடம் கேளுங்கள். "கட்டியை அடியில் வச்சா பிரிட்ஜிங் ஆகும் சார், பாதி உருகினப்புறம் போடலாம்" என்று அவர் சொல்லும் திருத்தம் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் கிடைக்காது. (மேலே உள்ள இரும்பு உருகாமல் பாலம்போல் அடைத்து நிற்பதுதான் பிரிட்ஜிங்.) அதைச் சேருங்கள், அவர் பெயரையும் திட்டக் குழுவில் சேருங்கள்.

ஒப்புதல் கடிதம் வந்த பிறகு வேகம் கொள்முதலில்தான் சிக்கும். கல்வி நிறுவனம் அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் வழியாகவோ டெண்டர் வழியாகவோ வாங்க வேண்டியிருக்கும், அதற்கு மாதங்கள் போகும். கருவியின் விவரக்குறிப்பை விண்ணப்பத்தோடு சேர்த்தே எழுதி வையுங்கள். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போனால்தான் அடுத்த தவணை வரும். ஆகவே ஆலைக் கணக்காளரையும் கல்லூரிக் கணக்குப் பிரிவையும் முதல் மாதத்திலேயே ஒரு மேசையில் உட்கார வைத்து, எந்தப் பில் எந்தத் தலைப்பில் என்று பேசி முடித்துவிடுங்கள்.