பாடசாலை ஏலத்துக்குக் கோட்டைப் படம் கொடுக்கிறவர்களுக்கு

"அன்ரி, எங்கட சித்திர அறைக்குக் காசு சேர்க்கிறம். உங்கட கோட்டைப் படம் ஒன்று தர ஏலுமா?" இப்படிப் போன் வந்தால் நான் உடனே ஓம் சொல்வதில்லை. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கோட்டைகளாக வரைந்து தள்ளுகிற ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி பழைய மாணவர் சங்கங்களுக்குள் பரவிவிட்டது. அதனால் கேட்பவர்களுக்கும் குறைவில்லை. ஓம் சொல்லுமுன் சில விடயங்களை விசாரிப்பேன். காசு எதற்கு? வர்ணமும் தூரிகையும் வாங்கவா, நடன உடுப்புக்கா, அல்லது பொதுவாக 'அபிவிருத்திக்கு' என்றா? படத்தை ஏலம் விடுகிறார்களா, விலை ஒட்டி விற்கிறார்களா? அன்று மண்டபத்துக்கு வரப்போவது பெற்றோரா, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவர்களா? இதற்கெல்லாம் பதில் இல்லாத குழுவிடம் நல்ல படத்தைக் கொடுத்தால் அது தேநீர் மேசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி கிடக்கும்.

அப்புறம் எந்தக் கோட்டை என்ற கேள்வி. வீட்டில் விற்காமல் கிடப்பதைத் தள்ளிவிட ஆசை வரும், அதை அடக்குங்கள். வாங்குகிறவருக்கு அந்த இடத்தோடு ஏதாவது தொடர்பு இருக்க வேண்டும். கொழும்பில் தமிழ்ப் பாடசாலை என்றால் யாழ்ப்பாணக் கோட்டைக்குத்தான் முதல் மரியாதை. போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐந்து முனைகளோடு திருத்திக் கட்டியது. 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அகழியையும் நுழைவாயிலையும் சேர்த்து வரைந்தால் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். சுவர் முருகைக் கல், அதைச் செங்கல் நிறத்தில் வரைந்துவிடாதீர்கள். வெளிறிய மஞ்சளும் சாம்பலும், மழைத் தண்ணீர் வடிந்த இடங்களில் கறுப்புப் பாசிக் கோடுகளும் வந்தால்தான் ஊர்க்காரர் 'ஓம், இதுதான்' என்பார்கள். உள்ளே 1706 இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் யுத்தத்தில் இடிந்துபோனது. அதைப் பழையபடி முழுசாக வரைபவர்கள் 'முன்னைய தோற்றம்' என்று பெயர்ச் சீட்டில் குறித்துவிட வேண்டும். இடிபாட்டையே வரைவதிலும் தவறில்லை. ஆனால் ஏல மண்டபத்தில் அதன் முன் நின்று பெருமூச்சு விடுகிறவர்கள் பலர், எடுத்துப்போய் வரவேற்பறையில் மாட்டுகிறவர்கள் சிலரே. அது கண்காட்சிக்குரிய படம் என்பது என் அபிப்பிராயம்.

எனக்குப் பிடித்தது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கிற ஹம்மன்ஹீல் கோட்டை. சுற்றிவரத் தண்ணீர் இருப்பதால் நீர்வர்ணத்துக்கு என்றே கட்டி வைத்தது போல இருக்கும். தீவுப் பகுதிக்காரர் ஒருவர் மண்டபத்தில் இருந்தால் போதும், போட்டி தானாகத் தொடங்கும்.

இலங்கைக் கோட்டை வேண்டாம், கதைகளில் வருகிற ஐரோப்பியக் கோட்டைதான் வேண்டும் என்றால், சரி, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பலர் நாட்காட்டியில் இருக்கும், ஜேர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையின் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து கொண்டுவருவார்கள். இரண்டாம் லுட்விக் மன்னர் காலத்தில், 1869 இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. கோட்டை பழையது, அந்தப் புகைப்படம் பழையதல்ல. நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவரின் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடங்களும் நீடிக்கும். இன்னொருவரின் புகைப்படத்தைப் பிரதிபண்ணி, அதை ஒரு பாடசாலையின் பெயரால் விற்பது அதிபரையும் சேர்த்துச் சங்கடத்தில் விடும். நீங்கள் எடுத்த படத்தையோ நேரில் போட்ட கோட்டோவியத்தையோ வைத்து வரையுங்கள், அல்லது புகைப்படக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

இனிப் படத்துக்குச் சட்டம் (பிரேம்) போடும் வேலை. இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கொழும்பின் ஈரக்காற்று படங்களைத் தின்னும். கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்ளும். நீர்வர்ணப் படத்தை நேரே கண்ணாடியோடு ஒட்டிப் பூட்டினால், கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்துத் தாள் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பூஞ்சணம் பிடிக்கும். நடுவில் ஜன்னல் வெட்டிய மௌண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அது அழகுக்காக மட்டும் அல்ல, கண்ணாடியைப் படத்தில் முட்டாமல் பிடித்து வைக்கவும்தான். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். படத்தை அட்டையில் பொருத்தும்போது நாலு பக்கமும் இறுக்கி ஒட்ட விடாதீர்கள். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு காகித நாடாத் துண்டு போதும். ஈரத்துக்குத் தாள் விரியும், சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். செலோரேப் கூடவே கூடாது. சில வருடத்தில் மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கும்.

பின்பக்கத்துக்கு ஹாட்போட் வைத்துத்தான் கடைக்காரர் முடிக்கப் பார்ப்பார். அது ஈரத்தை இழுக்கும், பூச்சியும் வரும். நுரை அட்டை வைத்து ஓரங்களைக் காகித நாடாவால் மூடச் சொல்லுங்கள். கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன றப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். இதைச் சொன்னால் சில கடைக்காரர்கள் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

முன்னால் போடுவது கண்ணாடியா, கண்ணாடி போல ஊடே தெரிகிற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடா? பாடசாலை மண்டபம் என்றால் நான் அக்ரிலிக் பக்கம். 30 க்கு 23 அங்குலச் சட்டத்தில் 3 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டுமே 3 கிலோவைத் தாண்டிவிடும். அதே தடிப்பு அக்ரிலிக் ஏறக்குறையப் பாதிப் பாரம், பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்தில் விழுந்தாலும் சிதறாது. கீறல் விழும் என்பதுதான் குறை, அதனால் மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை ஏல நாள் காலையில் உரித்தால் போதும். கன்வஸில் அக்ரிலிக் வர்ணம் என்றால் இந்தத் தலையிடியே இல்லை, வார்னிஷ் பூசிச் சட்டம் போட்டுவிடலாம். எண்ணெய் வர்ணம் என்றால் தடிப்பாகப் பூசிய இடம் நன்றாகக் காய ஆறு மாதமோ அதற்கு மேலோ எடுக்கும். ஆகவே அடுத்த மாத ஏலத்துக்கு இன்று எண்ணெய்ப் படம் தொடங்காதீர்கள்.

'இன்ன பாடசாலைக்கு அன்பளிப்பு' என்று படத்தின் முன்பக்கத்தில் எழுதவும் வேண்டாம். முன்னால் உங்கள் கையெழுத்து மட்டும். பின்னால் தலைப்பு, ஆண்டு, வர்ணம், அளவு. இதே விபரத்தோடு தனியாக ஒரு பெயர்ச் சீட்டு, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். கோட்டையைப் பற்றி நாலு வரி சேர்த்தால் படத்தின் முன் ஆட்கள் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். நின்றவர்தான் விலை கேட்பார்.

ஆரம்ப விலையை நீங்களே சொல்லுங்கள். குழுவிடம் விட்டால் கூச்சத்தில் மிகக் குறைத்துப் போடுவார்கள். சட்டத்துக்குக் கொடுத்த காசுக்குக் கீழே தொடங்கக் கூடாது என்பது என் கணக்கு, இல்லாவிட்டால் சட்டத்தை மட்டும் நன்கொடை கொடுத்ததாகத்தான் முடியும். சந்தை விலை தெரிய வேண்டுமானால் விகாரமகாதேவிப் பூங்காவின் ஓரம் படம் வைத்து விற்கிறவர்களிடம் ஒரு மாலை நடந்து பாருங்கள். 1993 இலிருந்து நடந்துவரும் 'கலா பொல' திறந்தவெளிச் சந்தை நாள் வாய்த்தால் இன்னும் நல்லது, ஒரே அளவுப் படம் எத்தனை விலைக்குப் போகிறது என்று நேரிலேயே தெரியும்.

மௌன ஏலம் என்றால் படத்துக்குக் கீழே ஒரு தாள் வைப்பார்கள், வந்தவர்கள் பெயரையும் தொகையையும் எழுதுவார்கள். அந்தத் தாளில் ஆரம்ப விலை, ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு கூட்ட வேண்டும், எத்தனை மணிக்கு முடிகிறது என்ற மூன்றும் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களும் வட்ஸ்அப்பில் கேட்பார்கள் என்றால் மணியைப் பார்த்து வையுங்கள். கொழும்பில் இரவு 7 மணிக்கு முடித்தால், குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் 1.30, ரொறன்ரோவில் காலை 8.30. காலையில் முடித்தீர்களோ, கனடாக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.

கடிதம் ஒன்று கட்டாயம். அதிபருக்கு எழுதி, சித்திர ரீச்சருக்கும் சங்கச் செயலாளருக்கும் பிரதி கொடுங்கள். படத்தின் விபரம், மதிப்பு, ஆரம்ப விலை, சேரும் காசு சித்திரப் பாடத்துக்கே போக வேண்டும் என்பது, ஏலம் போகாவிட்டால் படம் உங்களிடம் திரும்புமா பாடசாலையில் நிற்குமா என்பது, எல்லாம் அதில் வரட்டும். படத்தைக் கொடுப்பதால் பதிப்புரிமை போய்விடாது, அதை எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றினால்தான் போகும். அழைப்பிதழிலும் நிகழ்ச்சி மலரிலும் அச்சிட அனுமதி, வாழ்த்து அட்டையாக விற்க அனுமதி இல்லை என்று ஒரு வரி போட்டுவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. படத்தைக் கையளிக்கும்போதே முத்திரை குத்திய பற்றுச்சீட்டு வாங்குங்கள். "நீங்கள் எங்கட ஆள்தானே அன்ரி, பற்றுச்சீட்டு எதுக்கு" என்று சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுங்கள்.

கொண்டுபோவது எளிது. மூலைகளுக்கு ரெஜிபோம் துண்டு, மேலே பழைய படுக்கை விரிப்பு, அதற்கும் மேலே பொலித்தீன். மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை, ஆகவே காலையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். நடுத்தர அளவுப் படம் ஓட்டோவில் மடியோடு நிமிர்ந்து நிற்கும். அதைவிடப் பெரிது என்றால் வான் பிடியுங்கள், ஓட்டோவின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு காலி வீதியில் போகாதீர்கள். மண்டபச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், சித்திர அறையில் இருக்கும் மரத்தாங்கியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அன்று மாலை நீங்களும் போய் நில்லுங்கள். வரைந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் தாளில் தொகை ஏறும். ஏலம் எடுத்தவர் ரொறன்ரோவுக்குக் கொண்டுபோகிறவர் என்றால் கன்வஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வர்ணப் பக்கம் வெளியே பார்க்கச் சுருட்டிக் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். விலையில் பின்தங்கியவர்களில் ஒருவர் மெதுவாக வந்து, "இதே மாதிரி இன்னொன்று எனக்கு வரைந்து தருவீங்களா?" என்று கேட்பார். அது உங்கள் தனி வியாபாரம். போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஏலம் முடிந்து தாள்களை எடுக்கும் வரை விலை பேசாதீர்கள். படத்துக்குக் கூடிய தொகை எழுதியவர் காதில் அது விழுந்தால், தன்னுடைய தொகையைத் திரும்ப யோசிப்பார்.