ஔலு வரைபடத்தில் சூரியனைப் பின்தொடர்வது

சூரியப் புயல் செய்தி வந்தால் நான் முதலில் திறப்பது ஃபின்லாந்தின் ஔலு நியூட்ரான் மானியின் வரைபடத்தைத்தான். விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களான அண்டக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் நியூட்ரான்களை இந்தக் கருவி எண்ணுகிறது; 1964 முதல் எண்ணிக்கை தொடர்கிறது. காற்றழுத்தத் திருத்தம் செய்த தரவையே எடுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் கூடினாலே எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் குறையும். திருத்தாத வரைபடம் வானிலையைத்தான் காட்டும்.

மணிநேரச் சராசரி சட்டெனச் சரிந்து, பல நாட்களில் மெல்ல மீள்கிறதா? அது ஃபோர்புஷ் சரிவு: சூரியன் வீசிய காந்த மேகம் அண்டக் கதிர்களைத் தடுக்கிறது. வேறொரு நிலையத்திலும் சரிவு தெரிந்தால் மட்டுமே நம்புங்கள்.

பழகுவதற்கு 2024 மே 10, 11 தேதிகளை எடுங்கள். என்ன அருமையான பதிவு! சரிவுக்கு நடுவிலேயே, 11 அதிகாலையில், உலக நேரப்படி, ஒரு சிறு மேடு எழும். அவை சூரியனிலிருந்தே வந்த துகள்கள். அதைக் காண ஐந்து நிமிடத் தரவு வேண்டும்.

மாதச் சராசரியை 11 ஆண்டுகளுக்கு நீட்டினால், சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும்போது கோடு தாழும்.