பேக்கேஜ் சார்புச் சிக்கல்களுக்குப் பிழைச் செய்தி எழுதும் முறை

ஒரு பேக்கேஜ், அதாவது நிறுவத்தக்க மென்பொருள் பொதி, இயங்குவதற்குத் தேவைப்படும் பிற பேக்கேஜ்களை அதன் சார்புகள் என்கிறோம். மென்பொருளை நிறுவும்போது வந்து நிற்கும் ‘சார்புகளை நிறைவு செய்ய இயலவில்லை’ என்ற ஒற்றை வரியில் பொய் ஏதும் இல்லை; ஆனால் அதைப் படிப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. இத்தனைக்கும், எந்தப் பேக்கேஜ் எதைக் கேட்டது, எந்தப் பதிப்பு அகப்பட்டது, எங்கெல்லாம் தேடப்பட்டது என்ற விவரம் முழுவதும் அந்த வரியை அச்சிடும் கணத்தில் நிரலின் கையில் இருக்கிறது. சாட்சியங்களை மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் வாசிப்பதுதான் இவ்வகைச் செய்திகளின் அடிப்படைக் குறை. நிறுவும் கருவியை எழுதுபவருக்கும், தம் நிரல் தொடங்கும்போது தேவையான லைப்ரரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் நான்கு வரிகளை எழுதுபவருக்கும் இது பொருந்தும்.

முதலில், ஒரே செய்திக்குள் அடைக்கப்பட்டிருக்கும் வெவ்வேறு தோல்விகளைப் பிரித்தெடுக்க வேண்டும். பேக்கேஜே இல்லாதது ஒன்று. இருந்தும் பதிப்பு பொருந்தாதது மற்றொன்று. இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றுக்கொன்று முரணான பதிப்புகளைக் கேட்பது வேறொன்று. இணைய இணைப்பு அறுந்ததால் பட்டியலையே படிக்க முடியாமல் போவது முற்றிலும் வேறு. பைதான் மொழியின் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவி ‘பொருந்தும் வெளியீடு எதுவும் இல்லை’ என்று சொல்லும்போது, பெயரைத் தவறாகத் தட்டச்சு செய்திருக்கலாம், உங்கள் பைதான் பதிப்புக்கு அந்தப் பேக்கேஜ் வெளியிடப்படாமல் இருக்கலாம், உங்கள் இயங்குதளத்துக்கு உரிய கோப்பு இல்லாமலும் இருக்கலாம். வேறு பைதான் பதிப்பு தேவைப்படுவதால் ஒதுக்கப்பட்ட வெளியீடுகள் இவை என்று பிப்பின் பிந்தைய பதிப்புகள் தனி வரியில் பட்டியலிடுகின்றன. அந்த ஒரு வரி சேர்ந்ததும் பலருக்குத் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இல்லாத ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது கேட்டவர் யார், கேட்டது என்ன, தேடிய இடம் எது, அங்கே இருந்தது என்ன என்ற நான்கையும் சொல்லுங்கள். உபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்பில் தொகுத்த நிரலை 20.04-க்கு எடுத்துச் சென்று இயக்கினால், ஜிலிப்சி (நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) 2.34 கிடைக்கவில்லை என்ற வகையில் ஒரு செய்தி வரக்கூடும். எந்தக் கோப்பில் தேடியது, எந்தப் பதிப்பு வேண்டும், எந்த நிரலுக்கு வேண்டும் ஆகிய மூன்றும் அதில் உண்டு. இந்தக் கணினியில் இருப்பது 2.31 என்ற நான்காவது விவரம் மட்டும் இல்லை. அதையும் சேர்த்திருந்தால், பழைய கணினியில் புதிய நிரலை ஓட்டப் பார்க்கிறோம் என்பது படித்தவுடன் விளங்கியிருக்கும்.

தேடிய இடத்தைச் சொல்வது அற்பமாகத் தோன்றலாம். நான் எழுதிய ஒரு சரிபார்ப்பு நிரல் ‘தேவையான பேக்கேஜ் இல்லை’ என்று மட்டும் சொன்னது; பயனரோ அதை மூன்று முறை நிறுவிவிட்டு, மூன்று முறையும் அதே செய்தியைப் பார்த்திருக்கிறார். அவர் கணினியில் இரண்டு பைதான்கள் இருந்தன: ஒன்றில் நிறுவினார், மற்றொன்றில் இயக்கினார். இயங்கிக்கொண்டிருந்த பைதானின் முழுப் பாதையைச் செய்தியில் காட்டியிருந்தால் இரண்டாவது முறை நிறுவ வேண்டிய தேவையே எழுந்திராது.

பெயர் விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நிரலில் அழைக்கும் பெயரும், பேக்கேஜ்களைச் சேமித்து வைத்திருக்கும் களஞ்சியத்தில் உள்ள பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ‘யாம்ல்’ என்று அழைப்பதை நிறுவுவதற்கான பெயர் பைஒய்ஏஎம்எல். ‘சிவி2’ என்பதற்கு ஓப்பன்சிவி-பைதான். ‘பிஐஎல்’ என்பதற்குப் பில்லோ. சி நிரலில் பைதான் தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்றால் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நிறுவ வேண்டியது பைதான்3-டெவ், ஃபெடோரா என்ற வகையில் பைதான்3-டெவல். எனவே நிறுவ வேண்டிய பெயரை நீங்களே சரிபார்த்துச் செய்தியில் எழுதிவையுங்கள். அழைக்கும் பெயரைக் கொண்டு நிறுவும் பெயரை நிரலே ஊகிக்க விடாதீர்கள். பிரபலமான பேக்கேஜின் பெயரைச் சற்றே மாற்றித் தீய நிரலைக் களஞ்சியத்தில் பதிவேற்றிக் காத்திருப்பவர்கள் உண்டு. தவறான ஊகம் பயனரை நேரே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

மிகக் கடினமானது முரண்தான். பொருந்தும் பதிப்புகளைத் தேடுவது பொதுநிலையில் என்பி-முழுமை வகைக் கணக்கு (விரைவாகத் தீர்க்கும் பொதுவழி எதுவும் அறியப்படாதது) என்பதால், பல கருவிகள் விடையைத் தேடுவதிலேயே திறனைச் செலவிட்டு, தோற்றதற்கான காரணத்தைச் சேர்த்துவைக்கத் தவறின. டார்ட் மொழியின் பப் கருவிக்காக நடாலி வைசன்பாம் 2018-இல் விவரித்த பப்கிரப் என்ற முறை, ஒவ்வொரு பதிப்பையும் ஏன் விலக்கினோம் என்பதைப் பதிவு செய்துகொண்டே போகிறது; தோல்வி நேரும்போது அந்தப் பதிவையே ‘இதனால் இது, ஆகவே அது’ என்ற வாக்கியங்களாக அடுக்கிவிட முடிகிறது. போயட்ரி, யுவி ஆகிய பைதான் கருவிகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. அத்தகைய கருவி உங்களிடம் இல்லாவிட்டாலும் செய்தியின் வடிவத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கற்பனைப் பேக்கேஜ்களை வைத்து ஒன்றைக் காட்டுகிறேன்:

ரசீது 4.2, நாட்காட்டி 1.9 ஆகிய இரண்டையும் சேர்த்து நிறுவ முடியாது.
– உங்கள் திட்டக் கோப்பின் 11ஆம் வரி ரசீது 4.2-ஐக் கேட்கிறது, அதற்குத் தேதி 3.0 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவை.
– 14ஆம் வரி நாட்காட்டி 1.9-ஐக் கேட்கிறது, அதற்குத் தேதி 3.0-க்குக் கீழான பதிப்பு தேவை.
நாட்காட்டி 2.1 தேதி 3.0-ஐ ஏற்கும். 14ஆம் வரியில் 1.9 என்பதை 2.1 என மாற்றிப் பாருங்கள்.

பயனர் தாமே எழுதிய வரிகளிலிருந்து தொடங்குவதுதான் இதன் உயிர். ‘தேதி’ என்ற பேக்கேஜை அவர் கேட்டதே இல்லை. அதன் பெயரோடு செய்தியைத் தொடங்கினால் அந்நியர் ஒருவரின் குற்றப்பத்திரிகையைப் படிப்பது போலிருக்கும். முரணில் பங்கில்லாத சார்புக் கிளைகளைத் திரையில் கொட்டாமல் பதிவுக் கோப்பில் எழுதி, கோப்பின் பாதையை மட்டும் கடைசியில் கொடுங்கள். 2.1 பொருந்தும் என்பதையும் நிரல் உண்மையில் தேடிப் பார்த்த பின்னரே சொல்ல வேண்டும்.

செய்தியின் இறுதியில் எந்தக் கட்டளை இருக்கிறதோ, பெரும்பாலோர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் கருவியின் 2020-இல் வந்த 7-ஆம் பதிப்பு இணைச் சார்புகளையும் (ஒரு பேக்கேஜ் தன்னோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பிற பேக்கேஜ்களையும்) தானாக நிறுவத் தொடங்கியபோது, முரண் செய்தியில் வலுக்கட்டாயமாக நிறுவும் வழியும் சேர்ந்தே வந்தது. விளைவு தவறானதாகவும் பழுதானதாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை அதே வாக்கியத்தில் இருந்தும், கட்டளையை ஒட்டுபவர் கண்ணில் அது படுவதில்லை. இதற்கு மாறாக, இயங்குதளம் நிர்வகிக்கும் பைதானில் நேரடியாக நிறுவ முயல்பவரை டெபியன் 12 தடுக்கும்போது, தன் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக நிறுவுவது, திட்டத்துக்கென்று தனிச்சூழல் அமைப்பது என்ற பாதுகாப்பான வழிகளை முதலில் சொல்லிவிட்டு, தடையை மீறும் வழியைப் பின்னால் வைக்கிறது. அந்த வழியின் பெயரே ‘கணினியின் பேக்கேஜ்களை உடை’ என்ற பொருளைத் தருகிறது. தட்டச்சு செய்யும் விரலுக்குக்கூட அது புரியும்.

பழியைப் பயனர் மேல் போடாதீர்கள். ‘உடைந்த பேக்கேஜ்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்’ என்று ஆப்ட் பல காலம் சொல்லிவந்தது, எந்தப் பேக்கேஜையும் பதிப்பு மாறாதபடி நிறுத்தி வைக்காதவர்களிடமும்தான்.

செய்தி பிழைகளுக்கான தனி வெளியீட்டில் போக வேண்டும், வெற்றியா தோல்வியா என்று காட்ட நிரல் முடிவில் தரும் வெளியேறும் எண் பூச்சியமாக இருக்கக் கூடாது என்பவற்றை விளக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும் சற்றுச் சொல்ல வேண்டும். பேக்கேஜ் பெயர், கட்டளை, பிழைக் குறியீடு ஆகிய மூன்றும் எந்த மொழியிலும் மாறாமல் இருந்தால்தான் இணையத்தில் தேடித் தீர்வு காண முடியும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும் என்பதால், செய்தியில் பேக்கேஜ் பெயருக்காகக் காலியாக விட்ட இடத்தில் உருபை நேரடியாகச் சேர்த்தால் சில பெயர்களுக்குச் சொல் சிதைந்துவிடும். ‘இன்ன பெயருடைய பேக்கேஜுக்கு’ என்று எழுதினால் உருபைப் பொதுச்சொல் தாங்கிக்கொள்ளும். கேட்பவரும் கேட்கப்படுவதும் மொழிக்கு மொழி இடம் மாறுவதால், அந்த இடங்களுக்கு வரிசை எண் கொடுத்துவையுங்கள். எண் இல்லாவிட்டால், ரசீதுக்குத் தேதி தேவை என்பது தேதிக்கு ரசீது தேவை என்று தலைகீழாக அச்சாகும்.