மலை மிதிவண்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலை மிதிவண்டி வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பலர் முதலில் கேட்பது எத்தனை கியர் என்பதைத்தான். அடுத்து, முன்னும் பின்னும் ஷாக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்த வண்டி என் உடம்புக்குப் பொருந்துமா என்ற கேள்வி கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. மற்ற தவறுகளைப் பிற்பாடு கொஞ்சம் செலவழித்தாவது திருத்திக்கொள்ளலாம்; அளவு தவறிய பிரேமை, அதாவது வண்டியின் சட்டகத்தை, ஒன்றும் செய்ய முடியாது.

சக்கரத்தின் அளவையும் பிரேமின் அளவையும் ஒன்றென்று எண்ணிக்கொள்வது இதில் பரவலான குழப்பம். 26, 27.5, 29 அங்குலம் என்பவை சக்கரத்தின் அளவுகள். ஆளின் உயரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டியது, 15, 17, 19 அங்குலம் என்றோ எஸ், எம், எல் என்றோ குறிக்கப்படும் பிரேமின் அளவு. என் முதல் வண்டியை வாங்கியபோது எனக்கேற்ற பிரேம் கடையில் இல்லை. இருந்த பெரியதைக் காட்டி, சீட்டை இறக்கிக்கொண்டால் போதும் என்றார்கள், நானும் நம்பினேன். சீட்டை இறக்கியதும் கால் எட்டியது உண்மைதான். ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம் குறையவில்லை என்பதால், அரை மணி நேரம் ஓட்டுவதற்குள் தோளும் மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஷூ அணிந்துகொண்டு வண்டியின் மேல்குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் அளவாவது இடைவெளி வேண்டும். பிறகு சீட்டில் அமர்ந்து, கீழே இறங்கியிருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட்டை வைத்துக்கொண்டு கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்த தவறு, குறைந்த விலை வண்டியில் இரட்டை ஷாக்கைத் தேடுவது. தரமான பின்புற சஸ்பென்ஷன், அதாவது ஷாக், உள்ள வண்டியின் விலை பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டிவிடும். இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதில் இருப்பது வெறும் சுருள்வில். அது எடையைக் கூட்டுவதோடு, ஏற்றத்தில் நீங்கள் மிதிக்கும் விசையில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். அந்த வில்லுக்கான பணத்தைத் தயாரிப்பாளர் பிரேக்கிலும் சக்கரத்திலும்தான் மிச்சம் பிடித்திருப்பார். அதே விலையில், முன்புறம் மட்டும் ஷாக் உள்ள வண்டியோ ஷாக்கே இல்லாத வண்டியோ நெடுநாள் உழைக்கும்.

மலை மிதிவண்டியின் பிறப்பே இதற்குச் சான்று. 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மாரின் கவுன்டி மலைச்சரிவுகளில் பழைய தடித்த டயர் சைக்கிள்களை இறக்கி ஓட்டிய இளைஞர்களின் வண்டிகளில் சஸ்பென்ஷன் கிடையாது. அவர்களைத் திண்டாட வைத்தது பிரேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அந்தப் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும் என்பதால், ஒரு முறை இறங்கியதும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் பாதைக்கும், 1976-இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கும் ‘ரீபேக்’ (மறுபடி அடைத்தல்) என்று பெயர் வந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க நினைப்பவருக்கும் முதல் தேவை நம்பகமான பிரேக்தான். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கின் பிடி மழையில் நனைந்தால் தளரும். திரவ அழுத்தத்தில் இயங்கி, சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீணாகாது.

கியர் எண்ணிக்கை அதிகமிருந்தால் நல்ல வண்டி என்பதும் சரியல்ல. முன்னே மூன்று, பின்னே ஏழு பல்சக்கரங்கள் கொண்ட 21 கியர் வண்டியில் பல கியர்கள் ஒன்றையொன்று ஒத்தவை. முன்னே 42 பல், பின்னே 28 பல் என்று சேர்த்தாலும், முன்னே 24, பின்னே 16 என்று சேர்த்தாலும் விகிதம் 1.5தான். முன்னே 32 பல் கொண்ட ஒரே சக்கரமும், பின்னே 11 முதல் 46 பல் வரை பத்துச் சக்கரங்களும் உள்ள வண்டி, பத்தே கியரில் அதைவிட அகன்ற வீச்சைத் தரும். செங்குத்தான ஏற்றத்திலும் இன்னும் இலேசாக மிதிக்க முடியும்.

தினமும் தார்ச்சாலையில் அலுவலகம் போய்வர மட்டுமே வண்டி வேண்டும் என்றால், மலை மிதிவண்டியே தேவையில்லை. அதன் முரட்டு டயர்கள் தாரில் இழுக்கும். சாலை வண்டிக்கும் மலை வண்டிக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் வகை சைக்கிளே போதும். கையிருப்பு முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு ஹெல்மெட்டுக்குக் காசில்லாமல் நிற்பதும் வேண்டாம்.

இணையத்தில் வாங்கினால் வண்டி அரைகுறையாகப் பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். அவசரத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. டிஸ்க் பிரேக்கின் பிடிப்பான் வழக்கமாக ஃபோர்க்கின் இடது காலில், பின்புறமாக அமைந்திருக்கும்; அது வலப்பக்கம் முன்னால் தெரிந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது என்று பொருள். பெடலிலும் கவனம் தேவை. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அதை இடப்பக்கமாகச் சுற்றித்தான் முடுக்க வேண்டும். முதலில் விரலாலேயே சில சுற்றுகள் சுற்றுங்கள். இறுக்கமாகத் தெரிந்தால் ஸ்பானர் வைத்து அழுத்தாமல் கழற்றி, பெடலின் தண்டில் பொறித்துள்ள எல், ஆர் எழுத்தைச் சரிபாருங்கள், ஏனென்றால் பெடல் பூட்டும் கரமான அலுமினிய கிராங்கின் மரை ஒரு முறை அழிந்தால் கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.